பழைய பலகை வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு ஆட்வேர் (இரும்புச் சாமான்) கடையில் நிற்கிறேன். இருபது வருடம் தாண்டிவிட்டது. ஆணி வாங்க வருகிறவர் ஆணியோடு போவதில்லை. "அண்ணே, ஒரு சந்தேகம்" என்று ஆரம்பித்தால் பின்னால் நிற்கிறவர் வேறு கடைக்குப் போய்விடுவார். அதனால் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன். நான் குடியிருப்பதும் பழைய வீடுதான். கீழே பாதி கல், மேலே பாதி பலகை. அப்பா ரப்பர் தோட்டத்தை விட்டு வெளியே வந்தபோது ஓய்வுபெற்ற ஒரு கிராணியிடம், அதாவது தோட்டத்துக் கணக்கரிடம், வாங்கியது. இங்கே சொல்வதில் பாதி அந்த வீட்டில் நான் செய்த தப்புகளில் கற்றது.

அண்ணே, பலகை வீட்டை உடைச்சிட்டுக் கல் வீடா கட்டிடறதுதானே நல்லது?

சில வீடுகளுக்கு ஆமாம். பாதிக்கு மேல் தூண் உளுத்து, கூரை முகடு கழுதை முதுகு மாதிரி தொய்ந்து, நடந்தால் வீடே ஊஞ்சல் ஆடுகிறது என்றால் உடைப்பதுதான் சரி. ஆனால் கடைக்கு வந்து இதைக் கேட்கிற பத்துப் பேரில் பாதிப் பேர் உரிந்த பெயிண்டைப் பார்த்துப் பயந்தவர்கள்.

ஒரு திருப்புளியை எடுத்து, தூணின் அடியில், தரையைத் தொடும் இடத்தில் குத்திப் பாருங்கள். நுனி மட்டும் இறங்கி நின்றால் மரம் நன்றாக இருக்கிறது. புட்டில் குத்தின மாதிரி உள்ளே போனால் அந்த இடம் போய்விட்டது. எல்லாத் தூணையும், உத்திரம் தூணில் உட்காரும் இடங்களையும் இப்படிப் பார்த்துவிட்டு, அப்புறம் தெரு எதிரே போய் நின்று முகடு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். எலும்புக்கூடு நேராக இருந்தால் பலகை, ஜன்னல், தரை எல்லாம் மாற்றக்கூடியவை. அன்றைக்குப் போட்ட மாதிரி மரம் இன்றைக்கு அதே காசுக்குக் கிடைக்காது.

நம்ம வீட்டில இருக்கறது என்ன மரம்னு எப்படித் தெரிஞ்சிக்கிறது?

நம் ஆட்கள் இந்தக் கேள்வியில் சிக்கிக்கொள்வது பேரால்தான். மலாயில் செங்கால் என்று ஒரு மரம். தாத்தா "இது செங்கால் வீடு" என்று சொன்னதைச் செங்கல் வீடு என்று நினைத்துக்கொண்டு, சுவரைத் தட்டிப் பார்த்து, "பலகையால்ல இருக்கு?" என்று குழம்பியவர்களை எனக்குத் தெரியும். செங்கால் கனமான, அடர்ந்த மரம். அறுத்த புதிதில் பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும், நாள்பட நாள்பட அடர் பழுப்பாகும். பாலாவும் அதே மாதிரி கனம். கெம்பாஸ் ஆரஞ்சுச் சிவப்பு. தூணும் உத்திரமும் பெரும்பாலும் இப்படிப்பட்ட மரத்தில் இருக்கும். சுவர்ப் பலகை பெரும்பாலும் மெராந்தி, லேசான சிவப்பு, ஆணி சுலபமாக இறங்கும்.

தெரிந்துகொள்ள வேண்டிய காரணம் ஒன்றுதான். செங்காலின் நடுமரத்தைக் கரையான் அவ்வளவு சீக்கிரம் தொடாது. மெராந்தியைத் தின்னும். கித்தா மரப் பலகையை, அதாவது நம் ரப்பர் பால்மரத்தை, மருந்தேற்றாமல் போட்டால் வண்டு மாவாக்கிவிடும். தெரியவில்லையா? மறைவான இடத்தில் கொஞ்சம் சீவி, வயதான தச்சர் ஒருவரிடம் காட்டுங்கள். முகர்ந்து பார்த்தே சொல்லிவிடுவார்.

முதல்ல எதைச் செய்யணும்? பெயிண்டை அடிச்சிட்டா பாக்க நல்லா இருக்கும்ல?

பெயிண்ட் கடைசி. முதலில் கூரை, அப்புறம் தண்ணீர் வெளியே போகும் வழி, அப்புறம் தூணும் அடித்தளமும், அப்புறம் ஒயரிங், பைப். இவை முடிந்து ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டுப் பெயிண்டுக்கு வாருங்கள். தலைகீழாகச் செய்தவர்கள் இரண்டாவது முறை பெயிண்ட் வாங்க வருகிறார்கள். எனக்கு வியாபாரம்தான், இருந்தாலும் சொல்கிறேன்.

தகரக் கூரை ஒழுகினால் உடனே தகரத்தைக் குறை சொல்லாதீர்கள். ஏணி வைத்து ஏறி ஒரு ஆணியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பழைய குடை ஆணி, வெயிலில் தகரம் நீண்டு சுருங்கி நீண்டு சுருங்கியே கொஞ்சம் கொஞ்சமாக மேலே கிளம்பியிருக்கும். அதைச் சுற்றி ஓட்டை முட்டை வடிவத்தில் அகன்றிருக்கும், ஓரத்தில் துரு வளையம். தண்ணீர் அந்த வழியாக இறங்கி, கைமரத்தின் மேல் ஓடி, மூன்று அடி தள்ளி வீட்டுக்குள் சொட்டும். சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே தாரைப் பூசிப் பயனில்லை என்பது இதனால்தான். பழைய ஆணியைப் பிடுங்கி, ரப்பர் வளையம் வைத்த ஸ்க்ரூவைக் கொஞ்சம் பெரிய அளவில் போட்டாலே பாதி ஒழுகல் நிற்கும். மீதிப் பாதி, கூரை சுவரோடு சேரும் சந்தில்.

கூரையைப் பிரிக்க எந்த மாசம் நல்லது?

ஜூன், ஜூலை. மேற்குக் கரை உள்நாட்டில், அதாவது நம் பேராக் பக்கம், பெருமழை வருடத்தில் இரண்டு முறை உச்சிக்குப் போகும். ஏப்ரல், மே ஒன்று. அக்டோபர், நவம்பர் இன்னொன்று. நாம் என்ன செய்கிறோம்? தீபாவளிக்கு வீடு புதுசாக இருக்க வேண்டும் என்று செப்டம்பர் கடைசியில் கூரையைப் பிரிக்கிறோம். வருடா வருடம் அக்டோபரில் கென்வாஸ் வாங்க ஓடி வருகிறவர்கள் இவர்கள்தான். தீபாவளிக்கு உள்வேலை வையுங்கள், கூரையை ஜூலையிலேயே முடித்துவிடுங்கள்.

கரையானுக்கு மருந்தடிச்சாச்சு. ஆறு மாசத்தில திரும்ப வந்திருச்சு. ஏமாத்திட்டானா?

ஏமாற்றியிருக்கலாம். ஆனால் பெரும்பாலும் தப்பான மருந்தைத் தப்பான இடத்தில் அடித்திருப்பார்கள். நம் ஊரில் வீட்டைத் தின்பது மண்ணுக்குள் கூடு வைக்கும் கரையான். வீட்டில் தெரிவது வேலைக்கு வந்த கூட்டம். ராணிக் கரையான் வீட்டுத் தோட்டத்திலோ, பக்கத்து வீட்டுப் பட்ட மரத்தின் வேரிலோ இருக்கும். கண்ணுக்குத் தெரிந்ததை அடித்தால் மீதி வேறு வழியாக வரும்.

என் வீட்டில் நடந்தது. சாமி அறையில் காலண்டரைக் கழற்றினேன். பின்னால் பலகையில் பென்சில் தடிமனில் ஒரு மண் கோடு, தரையிலிருந்து நேராக மேலே. விரலால் கொஞ்சம் உடைத்தேன். உள்ளே வெள்ளை வெள்ளையாக ஓட்டம். நாலைந்து பழுப்புத் தலைக்காரன்கள் வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள், தலையில் பால் மாதிரி ஒரு சொட்டு. அந்தப் பாலைக் கண்டால் அது வீட்டை வேகமாகத் தின்கிற இனம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நான் ஸ்ப்ரே டின்னை எடுத்து ஆசை தீர அடித்தேன். அதுதான் தப்பு. அந்த வழி செத்தது, ஒரு மாதம் கழித்து சமையலறைக் கதவு நிலையில் புது வழி.

செய்ய வேண்டியது: அந்த மண் கோடு உடையாமல் விட்டுவையுங்கள். தூண்டில் மருந்து வைக்கிறவர்களைக் கூப்பிடுங்கள். அந்த இரை உடனே கொல்லாது, தோல் உரிக்க விடாமல் தடுக்கும். வேலைக்காரக் கரையான் அதைத் தின்று கூட்டுக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் ஊட்டும். வாரக்கணக்கில், சில வீட்டில் மாதக்கணக்கில் ஆகும். பொறுமை இல்லாதவர்கள் நடுவில் ஸ்ப்ரே அடித்துக் கெடுத்துவிடுகிறார்கள். மண்ணில் ஊற்றும் மருந்து, கூடு போன பிறகு வேலி மாதிரி. இரண்டுமே ஈரம் இருக்கிற வரை தோற்கும். வீட்டை ஒட்டி அடுக்கிய விறகு, சுவரில் சாய்த்த பழைய பலகை, சொட்டுகிற பைப் எல்லாவற்றையும் முதலில் நகர்த்துங்கள். மழை விட்ட சாயங்காலம் வீட்டுக்குள்ளிருந்தே ஈசல் கிளம்பினால் கூடு மிகப் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள்.

தூணோட அடி மட்டும் உக்கிப் போச்சு. முழுத் தூணையும் மாத்தணுமா?

வேண்டாம். பக்கத்தில் முட்டுக் கொடுத்து, ஜெக் வைத்து உத்திரத்தைத் தாங்கி, உக்கிய பகுதியை அறுத்து எடுத்துவிட்டுக் கீழே கான்கிரீட் குட்டித் தூண் வைக்கலாம். அல்லது அதே கனத்தில் புது மரத்தைச் சாய்வாக அறுத்துப் பழைய மரத்தோடு கோத்து போல்ட் போடலாம். மரம் நேரடியாகக் கான்கிரீட்டில் உட்காரக் கூடாது. நடுவில் ஒரு இரும்புத் தகடு, தண்ணீர் தேங்காத மாதிரி. கரையான் ஏறி வந்தாலும் அந்த விளிம்பில் மண் கோடு கண்ணுக்குத் தெரியும்.

ஜெக்கில் கை வைக்கும்போது பேராசை வேண்டாம். நாற்பது வருடம் மெல்ல இறங்கின வீட்டை ஒரே நாளில் நிமிர்த்தினால் ஜன்னல் கண்ணாடி வெடிக்கும், கதவு சிக்கும். ஒரு நாளைக்குச் சில மில்லிமீட்டர் போதும். இது வீட்டுக்காரர் தனியாகச் செய்கிற வேலை அல்ல.

சாம்பல் நிற நெளிவுத் தகடு போட்டிருக்கு. அஸ்பெஸ்டாஸா இருக்குமோ? நாமே கழட்டிடலாமா?

1960, 70, 80களில் போட்டது என்றால் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்து யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது, துண்டைச் சோதனைக்கூடத்தில்தான் பார்க்க வேண்டும். உடையாமல், நொறுங்காமல் மேலே கிடக்கிற தகடு அவசர ஆபத்து இல்லை. அதை உடைக்கும்போதும், துளைக்கும்போதும், வாட்டர் ஜெட் வைத்துப் பாசி கழுவும்போதும்தான் நார் பறக்கும். அந்த நார் நுரையீரலில் தங்கினால் வியாதி இருபது முப்பது வருடம் கழித்து வரும்.

நீங்களே கழற்ற வேண்டாம். அஸ்பெஸ்டாஸ் வேலைக்கு 1986-லேயே தனி விதிகள் வந்துவிட்டன. அதன் கழிவு 2005 விதிகளின்படி அட்டவணையிட்ட கழிவு. குப்பை லோரியிலும் போடக் கூடாது, செம்பனைக் காட்டிலும் கொட்டக் கூடாது. இதற்கென்று பழகின குத்தகைக்காரரைத் தேடுங்கள். "நாலு பங்களாதேஷ் பையனை விட்டா ஒரு நாளில் முடிச்சிடுவான்" என்று சொல்கிறவரிடம் கொடுக்காதீர்கள். அந்தப் பையனுக்கும் நுரையீரல் இருக்கிறது.

கீழ்ப் பாதி கல் சுவர். பெயிண்ட் உரிஞ்சுக்கிட்டே இருக்கு. வாட்டர்புரூஃப் அடிச்சும் நிக்கலையே?

வாட்டர்புரூஃப் அடித்ததால்தான் நிற்கவில்லை. நானும் என் சமையலறைச் சுவரில் மூன்று தடவை அடித்தவன்.

பழைய சுவர்களில் பல சுண்ணாம்புக் கலவையில் எழுப்பியவை. சாவியால் செங்கல் சந்தைச் சுரண்டிப் பாருங்கள். வெள்ளை மாவாகக் கொட்டினால் பெரும்பாலும் சுண்ணாம்பு. சிமெண்டாக இருந்தால் சாவிதான் தேயும். இந்தச் சுவர்களில் மண்ணிலிருந்து ஏறும் ஈரத்தைத் தடுக்கும் தடுப்பு எதுவும் கிடையாது. ஈரம் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியாகக் காற்றில் போகும், அவ்வளவுதான். அதன் மேல் சிமெண்டும் பிளாஸ்டிக் பெயிண்டும் பூசினால் ஈரத்துக்கு வழி இல்லை. இன்னும் மேலே ஏறும். போகிற வழியில் கரைந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து, பூத்து, பெயிண்டை அப்பளம் மாதிரி தள்ளும்.

வெளியிலிருந்து ஆரம்பியுங்கள். வருடக்கணக்கில் மண் போட்டுப் போட்டு வீட்டைச் சுற்றி முற்றம் உயர்ந்திருக்கும். உள்தரையை விட வெளிமண் தாழ்வாக வரும் வரை வெட்டுங்கள், ஒரு சின்னக் கால்வாய் விடுங்கள். அப்புறம் உள்ளே, ஈரத் தடம் தெரிகிற உயரத்துக்கு மேலும் ஓர் அடி வரை சிமெண்டைக் கொத்தி எடுத்துச் சில மாதம் சும்மா விடுங்கள். இந்தச் சில மாதம்தான் யாருக்கும் பிடிக்காது. காய்ந்ததும் ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல் பூச்சு. முதல் சில நாள் ஈரச் சாக்கு போட்டுக் காயவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் சுண்ணாம்பு அடியுங்கள். கிந்தாப் பள்ளத்தாக்கைச் சுற்றிச் சுண்ணாம்பு மலைதான், பொருளுக்குப் பஞ்சமில்லை. கண்ணில் பட்டால் மட்டும் பொசுக்கிவிடும், கண்ணாடி போடுங்கள். வெற்றிலையில் தடவுகிறதுதானே என்று அலட்சியம் வேண்டாம்.

பழைய பெயிண்டை கிரைண்டர் போட்டு உரிச்சு மரத்தைக் காட்டலாமா?

இதுவும் அஸ்பெஸ்டாஸ் மாதிரி தூசி விஷயம். பழைய எண்ணெய்ப் பெயிண்டில் காரீயம் இருந்திருக்கலாம். ஈயம் என்றதும் ஈய லம்பம், அதாவது ஈயச் சுரங்கம், ஞாபகம் வரும், அது வேறு, இது வேறு. காரீயத் தூசி சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். காய்ந்த பெயிண்டை மெஷின் போட்டுத் தேய்க்காதீர்கள், தீ வைத்துச் சுடவும் கூடாது. தண்ணீர் தெளித்து ஈரத்தோடு சுரண்டி, கீழே பிளாஸ்டிக் விரித்து, தூளைச் சுருட்டிக் கட்டுங்கள். வேலை நடக்கும்போது பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் வேறு வீட்டில் இருக்கட்டும்.

எல்லாப் பலகையையும் உரித்து மரத்தைக் காட்டத்தான் வேண்டுமா என்றும் யோசியுங்கள். மெராந்திச் சுவர் வெளியில் மழை வெயிலுக்குப் பெயிண்டோடு இருப்பதே அதற்கு நல்லது. உரிக்க ஆசை என்றால் உள்ளே ஒரு கதவு, ஒரு தூண். சிலர் பழைய என்ஜின் எண்ணெயைப் பூசுவார்கள். தோட்டத்தில் அப்படித்தான் பூசினார்கள், சரி, ஆனால் அது நாறும், உடம்புக்கும் ஆகாது, பிறகு எந்தப் பெயிண்டும் அதன் மேல் ஒட்டாது.

சிவப்பு சிமெண்டுத் தரை மேலேயே டைல்ஸ் ஒட்டிடலாமா?

ஒட்டலாம், நிற்கும். ஆனால் ஏன்? இன்றைக்கு அந்தத் தரையைப் போடத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். சிவப்பு ஆக்சைடு கலந்த சிமெண்டைக் கரண்டியால் தேய்த்துத் தேய்த்தே கண்ணாடி ஆக்கியிருப்பார்கள். மங்கிப் போனதற்குக் காரணம் பெரும்பாலும் மேலே படிந்த சோப்பும் பழைய மெழுகும்தான். மிதமான சோப்புத் தண்ணீரில் நார் போட்டுத் தேய்த்து, இரண்டு மூன்று நாள் நன்றாகக் காயவிட்டு, மெல்லிய மெழுகு பூசித் துணியால் தேயுங்கள். ஆசிட் ஊற்றினால் தரை குருடாகிவிடும். விரிசலை ஆக்சைடு கலந்த சிமெண்டால் அடைக்கலாம், ஆனால் நிறம் ஒத்துவராது. என் வீட்டில் நடுக்கூடத்தில் ஒரு விரிசல் ஆறு மாதிரி ஓடுகிறது. விட்டுவிட்டேன்.

பலகைத் தரையாக இருந்தால் அதன் மேல் பிளாஸ்டிக் விரிப்பை ஒட்டாதீர்கள். கல் சுவருக்குச் சொன்ன அதே ஈரக் கதை, மூடினால் அடியில் உக்கும்.

வீடு அடுப்பு மாதிரி சூடா இருக்கு. சீலிங் அடிச்சு எல்லா ஓட்டையும் மூடி ஏர்கான் போடவா?

முதலில் யார் மூடினார்கள் என்று பாருங்கள். பழைய வீட்டில் தரைக்கு அடியில் இடைவெளி, சுவருக்கும் கூரைக்கும் நடுவில் கம்பிவலை அல்லது சாய்வுப் பலகை, எதிரெதிரே ஜன்னல். கீழிருந்து காற்று வந்து, சூட்டைத் தூக்கிக்கொண்டு மேலே வெளியேறும். பிறகு வந்தவர்கள் ஒவ்வொன்றாக அடைத்திருப்பார்கள், வௌவால் வருகிறது, தூசி வருகிறது என்று. அடைத்ததைத் திறந்து கொசுவலை வையுங்கள். கண்ணாடிப் பட்டைகளைச் சாய்த்துத் திறக்கிற நாக்கோ ஜன்னல் இருந்தால் தூக்கி எறியாதீர்கள். மழை பெய்தாலும் பாதி திறந்து வைக்க முடிகிற ஜன்னல் வேறு எது?

தகரத்துக்கு அடியில் அலுமினியத் தாளும் பஞ்சும் போடுவது நல்ல செலவு. தாளுக்கு நேரே கொஞ்சம் வெற்றிடம் விட்டால்தான் அது வெப்பத்தைத் திருப்பும். கூரையைப் பிரிக்கும்போதே போடுங்கள், தனியாகச் செய்தால் கூலி இரண்டு மடங்கு. ஏர்கான் வேண்டும் என்றால் ஒரு படுக்கையறையை மட்டும் சீலிங் போட்டு அடைத்துக்கொள்ளுங்கள்.

ஒயரிங் இன்னும் வேலை செய்யுதே, விட்டுடலாமா?

விடக் கூடாது. மரச் சட்டத்தின் மேல் ரப்பர் உறை ஒயர் ஓடுகிறதா? அந்த ரப்பர் கைபட்டால் உதிரும். பலகை வீட்டில் அது தீக்குச்சி. எரிசக்தி ஆணையத்தில் பதிந்த ஆளை வைத்து முழுக்க மாற்றுங்கள். பிளக்குகளுக்கு 30 மில்லி ஆம்பியர், தண்ணீர் சூடாக்கிக்கு 10 மில்லி ஆம்பியர் டிரிப் சுவிட்ச், மின்கசிவு வந்தால் தானாக அணைவது, கேட்டு வாங்குங்கள்.

சொந்த வீடுதானே, நகராண்மைக் கழகத்தில பெர்மிட் எடுக்கணுமா?

பெயிண்ட், பழுதுபட்ட பலகை மாற்றுவது போன்றவற்றுக்கு யாரும் கேட்க மாட்டார்கள். சமையலறையை நீட்டுவது, தாங்குசுவரை இடிப்பது, கூரை வடிவத்தை மாற்றுவது எல்லாம் 1974-ஆம் ஆண்டுத் தெரு, கால்வாய், கட்டடச் சட்டத்தின் 70-வது பிரிவுக்குள் வரும். முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வேண்டும். இடைப்பட்டது எதுவாக இருந்தாலும் கழகத்து முகப்பில் போய்க் கேட்டுவிடுங்கள்.

பெர்மிட்டை விடப் பெரிய கேள்வி நிலம் யாருடையது என்பது. 1948 ஜூன் 16-ல் இந்தப் பக்கத் தோட்டங்களில் மூன்று துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டு அவசரகாலம் வந்தது. 1950-க்குப் பிறகு காட்டோரம் இருந்தவர்களைக் கொண்டுவந்து கம்பிவேலிக்குள் புதுக்கிராமங்களில் வைத்தார்கள். அந்த வீடுகளில் பல இன்றைக்கும் குத்தகை நிலத்தில் நிற்கின்றன, எத்தனை வருடம் பாக்கி என்று பார்க்க வேண்டும். சில வீடுகள் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தில் நிற்கும். அது வருடா வருடம் புதுப்பிப்பது, யாருக்கும் மாற்றித் தர முடியாது, உரிமம் வைத்திருப்பவர் இறந்தால் அதோடு முடிந்தது. தோட்டத்து லயத்து வீடு, அதாவது தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடு என்றால் கம்பெனியுடையது, நீங்கள் போட்ட டைல்ஸும் கம்பெனிக்குத்தான். கெரான் என்கிற நிலப்பட்டாவைக் கையில் பார்க்காமல் பெரிய செலவு வேண்டாம்.

இடிக்கிற லயத்திலிருந்து பழைய பலகை வாங்கிப் போடலாமா?

தாராளமாக, இடிக்க உரிமை உள்ளவரிடம் வாங்கினால். ஒவ்வொரு பலகையையும் தட்டிப் பாருங்கள், 'டொக்' என்று வெற்றுச் சத்தம் வந்தால் உள்ளே கரையான் தின்றிருக்கிறது. ஆணியைப் பிடுங்கி, காந்தம் தடவிப் பார்த்த பிறகுதான் வாளுக்குக் கொடுக்க வேண்டும். பெயிண்ட் இருந்தால் மேலே சொன்ன காரீயக் கதை. வாங்கிவந்து வீட்டை ஒட்டி அடுக்காமல் தனியாக, தரையிலிருந்து தூக்கி வையுங்கள். கரையானை லோரி வைத்துக் கூட்டிவந்தவர்கள் இருக்கிறார்கள்.

உள்ளே தோட்டத்துச் சாமான்களா வச்சு அலங்கரிக்கலாம்னு ஆசை. எப்படி வைக்கிறது?

இப்போது இது ஒரு மோகம். ரப்பர் பால் பிடிக்கும் பால் மங்கு, தோளில் கம்பு வைத்துத் தூக்கும் காண்டா வாளி, பால்வெட்டுக் கத்தி, சீட்டுப் பால் (ரப்பர் தகடு) உருட்டும் இரும்பு மெஷின் எல்லாம் பழஞ்சாமான் கடையில் விலை ஏறிக் கிடக்கிறது. மங்கில் சின்னச் செடி வைக்கலாம், அடியில் ஓட்டை போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் ஏடிஸ் கொசு குடிவரும். உருட்டு மெஷின் வாசலில் அழகாக நிற்கும், ஆனால் பலகைத் தரையில் வைக்காதீர்கள், கனம் தாங்காது.

என் அனுபவம் ஒன்று. காண்டாக் கம்பை மெருகேற்றி நடுக்கூடத்துச் சுவரில் மாட்டினேன். அம்மா காப்பியோடு வந்து நின்று பார்த்தார். வலது தோளைத் தடவிக்கொண்டே, "அதை ஏண்டா நடுவீட்டில தொங்க விட்டிருக்க? இத்தனை வருசம் தோள்ல தொங்கினது போதாதா?" என்றார். கழற்றிப் பின்கட்டில் வைத்தேன். வீட்டில் தோட்டத்தில் உழைத்தவர் யாராவது இருந்தால் மாட்டுமுன் அவரை ஒரு வார்த்தை கேளுங்கள். அம்மா விரும்பி வைத்தது எது தெரியுமா? பூப்போட்ட மங்குத் தட்டு இரண்டு, கல்யாணப் படம், அப்பாவின் சைக்கிள் லைட்டு.

மற்றபடி கொஞ்சமாக வையுங்கள். பலகைச் சுவருக்கே கோடு கோடாக ஒரு அழகு இருக்கிறது. அதை முழுக்கச் சாமானால் மறைத்தால் பழஞ்சாமான் கடை மாதிரி ஆகிவிடும்.

பலகை வீட்டில சாமி அறையில விளக்கு ஏத்தலாமா? பயமா இருக்கு.

ஏற்றலாம். மேடை மட்டும் கல்லிலோ சிமெண்டிலோ இருக்கட்டும், பின்சுவரில் ஒரு பித்தளைத் தகடோ டைல்ஸோ. சுடருக்கு மேலே இரண்டு கை உயரத்துக்கு மரமோ திரையோ வேண்டாம். தூங்கப் போகுமுன் விளக்கை மலையேற்றிவிடுங்கள். புகை போக மேலே அந்தக் கம்பிவலையைத் திறந்து வைத்தாலே போதும். அங்கே காலண்டர் மாட்டினால் மாதம் ஒரு தடவை கழற்றிப் பின்னால் பாருங்கள், ஏன் என்று தெரியும்.

அப்பா பேர்ல வீடு. அப்பா இல்லை. அண்ணன் தம்பி நாலு பேர். நான் மட்டும் காசு போட்டுச் சரிபண்றேன். பின்னால தகராறு வருமா?

வரும். உயில் எழுதாமல் போயிருந்தால் 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி பிரியும். தாத்தா பாட்டி உயிரோடு இல்லை, அம்மா இருக்கிறார் என்றால் அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி இரண்டு பங்கு பிள்ளைகள் எல்லோருக்கும் சமமாக. அக்கா தங்கைக்கும் அதே பங்கு, கட்டிக்கொடுத்துவிட்டோம் என்று விட்டுவிட முடியாது. கூரைக்கு நீங்கள் போட்ட காசு தானாகவே உங்கள் பங்கைக் கூட்டாது. "நான்தானே செஞ்சேன்" என்பதை எழுத்தில் வைத்திருக்க வேண்டும். யார் எவ்வளவு போட்டார், விற்றால் முதலில் அதைக் கழிப்பதா, யார் குடியிருப்பது என்று ஒரு வக்கீலிடம் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். ரசீதுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள்.

அதற்கு முன்னால் கெரானில் பெயரை மாற்றுங்கள். சின்னச் சொத்துகளை 1955 சட்டத்தின்படி நில அலுவலகத்திலேயே விசாரித்துப் பங்கிட்டுத் தருவார்கள். இறந்தவர் பெயரிலேயே கிடக்கிற வீட்டுக்கு மேலே சொன்ன பெர்மிட்டுக்குக் கையெழுத்துப் போட ஆள் இருக்காது. ஒருவர் முப்பது தகரம் வாங்கி லோரியில் ஏற்றிவிட்டு, அண்ணன் போன் செய்து சத்தம் போட்டதும் அத்தனையையும் திருப்பிக் கொண்டுவந்தார். அளவுக்கு வெட்டின தகரத்தை நாங்கள் திரும்ப எடுப்பதில்லை.